ஐந்தரை மணிப் புகை

ஞானப்பிரகாசம் சார் காலமான செய்தி எனக்கு நம் குடியிருப்பின் வாசலில், இஸ்திரி வண்டிக்குப் பக்கத்தில் கிடைத்தது. கையில் ஒரு டம்ளர் சேமியா பாயசத்தோடு மாடியிலிருந்து இறங்கி வந்திருந்தேன். அவர் வீட்டுக் கதவில் பூட்டு தொங்கியது. எங்கே போயிருக்கிறார் என்று கேட்டதும் ஏழுமலை இஸ்திரிப் பெட்டியைக் கீழே வைத்தார்.

"இன்னாம்மா, உனக்குத் தெரியாதா? திங்கக்கெயமையே ஆஸ்பத்திரிக்கு இட்டுக்கினு போனாங்களே. காலைல பூட்டாரும்மா."

அந்தப் பாயசம் எதற்கு என்பதை உங்களிடம் சொல்லியாக வேண்டும். சொல்லாவிட்டால் எனக்குச் சோறு இறங்காது.

இந்தக் குடியிருப்பில் உங்களுக்கெல்லாம் அவர் கோடம்பாக்கத்தில் ஒலிப்பதிவு செய்து ஓய்வு பெற்றவர். தண்ணீர் மோட்டாரின் சத்தத்தை வைத்தே கோளாறு சொல்பவர். எனக்கு அவர் வாசனையாகத்தான் அறிமுகமானார். டெலிபோன் எக்ஸ்சேஞ்சிலிருந்து ஓய்வு பெற்று இந்த மந்தைவெளி வீட்டுக்குத் தனியாக வந்த புதிது. ஒரு சாயங்காலம் பால்கனியில் கேக் வேகும் வாசனை வந்தது. மோப்பம் பிடித்துக்கொண்டே கீழே இறங்கினேன். பிரம்பு நாற்காலியில் வாயில் புகையும் பைப்போடு ஒருவர் உட்கார்ந்திருந்தார். சிகரெட் நாற்றமே ஆகாதவள் நான். "கேக் எங்கே?" என்று கேட்டுவிட்டேன்.

"இதுக்குள்ளதான் வேகுது மேடம்," என்று பைப்பைக் காட்டினார்.

"உங்களுக்கென்ன, நாள் தவறாமத் தித்திப்பு," என்று பிறகொரு நாள் சீண்டினேன்.

"எனக்கு எங்க தித்திக்குது? வாயில வெந்நீர் ஆவி மாதிரிதான் இருக்கும். வாசனையெல்லாம் சுத்தி இருக்கறவங்களுக்குத்தான்."

பின்னே எதற்குப் புகையிலையில் இந்த வெனிலாவும் செர்ரியும் என்று கேட்டேன். கட்டைவிரலால் புகையிலையை அழுத்திக்கொண்டே இருந்தார்.

"என் ஒய்ஃப் ஸ்டெல்லா இருந்தப்போ காட்டமானதுதான் பிடிப்பேன். அவ போனப்புறம் அதைக் கொளுத்தினா ஒருத்தரும் கிட்ட வரல. இதைக் கொளுத்தினா யாராவது நின்னு என்னன்னு கேக்கறாங்க. நீங்க கேட்ட மாதிரி."

என் முழங்கால் அறுவை சிகிச்சைக்குப் பிறகு ஒரு மாதம் என்னால் பால்கனிக்குப் போக முடியவில்லை. மூன்றாம் நாள் ஐந்தரைக்குப் படுக்கையறை ஜன்னலில் வெனிலா வந்தது. வீட்டு வேலைக்கு வரும் கஸ்தூரி எட்டிப் பார்த்துச் சிரித்தாள். "சாரு நாக்காலிய கீய மோட்டார் ரூமாண்ட போட்டுக்கினு குந்திக்கினு கீறாரும்மா. கொசு புடுங்குது அவர." அந்த மாதம் முழுக்க அங்கேதான் உட்கார்ந்தார். இதைப் பற்றி அவரும் பேசவில்லை, நானும் பேசவில்லை.

நாங்கள் பொதுவாகவே அதிகம் பேசியவர்கள் அல்ல. புகை வந்தால் அவர் இருக்கிறார் என்று எனக்குத் தெரியும். நான் நாற்காலியை இழுக்கும் சத்தம் கேட்டால் நான் இருக்கிறேன் என்று அவருக்குத் தெரியும். தனியாக இருக்கும் இரண்டு பேருக்கு அது போதுமானதாக இருந்தது.

அப்புறம் அவருக்கு இருமல் வந்தது. டாக்டர் நெஞ்சைப் பரிசோதித்துவிட்டு, பைப்பை நிறுத்தச் சொன்னார். இவர் கேட்கவில்லை. அந்த ஞாயிற்றுக்கிழமை சண்டைக்கே போய்விட்டேன்.

"மைல்டுன்னு டப்பாவுல போட்டிருந்தா நெஞ்சுக்குத் தெரியுமா? விடற வரைக்கும் உங்களோட பேச மாட்டேன்."

"மெதுவா இழுத்தா ஒண்ணும் ஆகாது மேடம். அவசரப்பட்டாத்தான் நாக்கைச் சுடும்," என்றார். நான் விடுவிடுவென்று மாடியேறி வந்துவிட்டேன்.

திங்கட்கிழமை புகை வரவில்லை. செவ்வாயும் வரவில்லை. புதன்கிழமையும் இல்லை என்றதும் எனக்குத் தலைகால் புரியவில்லை. பிடிவாதக்காரர் என் பேச்சைக் கேட்டுவிட்டார் என்று கர்வப்பட்டேன். வியாழக்கிழமை முந்திரியைக் கொஞ்சம் தாராளமாகவே போட்டுப் பாயசம் வைத்தேன். அதுதான் அந்த டம்ளரில் இருந்தது.

வீட்டைக் காலி செய்ய வந்த அவர் அக்கா மகன் ஜெரால்ட் என்னிடம் ஒன்று சொன்னான்.

"ஆம்புலன்ஸ்ல ஏத்தறப்போகூட மாமா உங்களைப் பத்திதான் சொன்னார் ஆன்ட்டி. 'மேல் வீட்டம்மா நான் பைப்பை விட்டுட்டேன்னு சந்தோஷப்படுவாங்க. விடலைன்னு சொல்லிடுடா'ன்னார். அலைச்சல்ல மறந்துட்டேன். சாரி ஆன்ட்டி."

ஆஸ்பத்திரி இங்கிருந்து ஆட்டோவில் பத்து நிமிடம். மூன்று நாட்கள் அவர் அங்கே கிடந்தார். நான் மேலே உட்கார்ந்து ஜெயித்துவிட்டதாக நினைத்துக்கொண்டிருந்தேன். இதை என்னால் மன்னிக்க முடியவில்லை.

ஜெரால்ட் எனக்குப் பாதி காலியான புகையிலை டப்பா ஒன்றைக் கொடுத்துவிட்டுப் போனான். அவருடையது என்று என்னிடம் இருப்பது அதுதான். தினமும் ஐந்தரைக்கு அதை எடுத்துக்கொண்டு கீழே வந்து, அவர் நாற்காலி போட்டிருந்த இடத்தில் உட்கார்ந்து மூடியைத் திறக்கிறேன். கொளுத்துவதில்லை. வாசனை இன்னும் இருக்கிறது. நீங்கள் எல்லோரும் அந்த வழியாகத்தான் வண்டியை எடுக்கிறீர்கள். இதுவரை ஒருவரும் நின்று என்னவென்று கேட்கவில்லை.