வலக்கையின் பழைய நிறம்

என் வலக்கையின் புறத்தில் முதல் வெண்புள்ளி தோன்றியபோது எனக்குப் பதினைந்து வயது. மீனையும் மோரையும் ஒரே வேளையில் உண்டதால் வந்த வினை என்று அசாம் ஜாவா என்ற சிற்றூரிலிருந்த எங்கள் வீட்டில் தீர்ப்பாயிற்று. தோலில் நிறமி குறைந்திருக்கிறது என்று மருத்துவர் விளக்கிய பிறகும், மீன்குழம்பு வைத்த நாளில் அம்மா எனக்கு மோர் ஊற்றியதில்லை.

அவ்வாண்டு சுங்கை பெசார் நகரில் பள்ளிகளுக்கிடையே விவாதப் போட்டி. அம்மா தம் முகப்பவுடரைக் குழைத்து என் புள்ளியின்மேல் பூசினார். அவர் என்னைவிட வெளுத்த நிறம். ஆகவே பூசிய இடம் முன்னிலும் வெளுத்துத் தெரிந்தது. கையை முதுகுக்குப் பின்னால் மறைத்தபடியே முதல் சுற்றைப் பேசி முடித்தேன்.

"என்னடி, தோட்டத்துல கூலியாளு மண்டோர் முன்னால நிக்கிற மாதிரி நிக்கிற?" என்றாள் என் அணித்தோழி.

"புள்ளி தெரியும்டி."

"தோத்தா அதவிட நல்லா தெரியும்லா!"

மறுப்புரையில், எதிரணித் தலைவர் எங்கள் வாதத்தைக் குழந்தைத்தனம் என்றார். வலக்கை இல்லாமல் அதை மறுக்க எனக்குத் தெரியவில்லை. உயர்த்திய கையை இறுதிச் சொல்வரை இறக்கவில்லை. முன்வரிசையில் அம்மா தலையில் கைவைத்தார். பிறகு எல்லாரையும்விடப் பலமாகக் கைதட்டினார். வென்றோம்.

இன்று அந்தக் கை முழங்கைவரை வெண்மை. அதை மறைப்பதில்லை. ஆயினும் அன்று எடுத்த படத்தில் புள்ளியைச் சுற்றிப் பரந்திருக்கும் மாநிறத்தைக் காணும்போதெல்லாம், அந்த நிறத்துக்கு ஒழுங்காகப் பிரியாவிடை கொடுக்காமல் விட்டேனே என்று தோன்றுகிறது.