காந்தப் போலீஸ் வெர்னா

மில்வாக்கியில் அந்தத் தொழிற்சாலையின் சோதனைக் கூடத்துக்குள் நுழைய வேண்டுமானால் முதலில் வெர்னாவைத் தாண்ட வேண்டும். கைக்கடிகாரம், போன் உறை, வளையல், எல்லாவற்றையும் வாசலிலேயே கழற்றவைப்பாள். முதுகுக்குப் பின்னால் அவளைக் காந்தப் போலீஸ் என்றார்கள். அது அவள் காதுக்கும் எட்டியிருந்தது; உள்ளுக்குள் பெருமைதான்.

கெடுபிடிக்குக் காரணம் இருந்தது. அங்கே தயாராவது டிராக்டரில் சுழலும் இரும்புத் தண்டுகள். தண்டின் நடுவில் பட்டையாகக் காந்தம் ஏற்றியிருப்பார்கள். தண்டு முறுக்கு வாங்கும்போது அந்தக் காந்தம் கொஞ்சம் வெளியே கசியும். தொடாமல் பக்கத்தில் நிற்கும் சென்சார் அதைப் பிடித்து, எவ்வளவு முறுக்கு என்று சொல்லிவிடும். வேறொரு காந்தம் உரசினால் போச்சு. சும்மா கிடக்கும் தண்டைக்கூட யாரோ முறுக்குவதாகச் சென்சார் புளுகும்.

பக்கத்து மேசை டுவேனுக்கு இதெல்லாம் விளையாட்டு. திருகாணி உருண்டு ஓடாமலிருக்க, அடியில் காந்தம் வைத்த கிண்ணம் ஒன்றை ஒளித்துக் கொண்டுவருவான்.

"என்னைக் கைது பண்ணிராத போலீஸு. கிண்ணம் மேசையை விட்டு நகராது." அவளும் விட்டுவிட்டாள்.

கோடையில், வாங்கியவர்களிடமிருந்து தண்டுகள் வரிசையாகத் திரும்பி வந்தன. எல்லாம் புளுகுகிற தண்டுகள். மேலாளர் கிரெய்க் கேட்டபோது வெர்னா கிண்ணத்தைக் காட்டினாள். டுவேன் அவள் முகத்தையே பார்த்தான்.

"அது மேசையை விட்டு நகரலைன்னு உனக்குத் தெரியும். சொல்லேன் வெர்னா."

தெரியும்தான். வாயைத் திறக்கவில்லை. சட்டம் சட்டம்தானே என்று நினைத்தாள். அன்றே அவனை வேலையிலிருந்து நீக்கி வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள்.

அவன் போனபின் மறுவாரம் தயாரான தண்டுகளும் புளுகின. அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. தண்டுகளை ஒவ்வொன்றாக நெஞ்சோடு அணைத்துத் தூக்குவது அவள் பழக்கம். அந்த நெஞ்சில், நீண்ட நாள் சேவைக்காக அந்தக் கோடைத் தொடக்கத்தில் கம்பெனி கொடுத்த வெள்ளிப் பெயர்ப்பட்டை. சட்டையில் ஓட்டை விழக்கூடாதென்று பின்னால் காந்தம் வைத்துப் பிடித்திருந்தார்கள். வாசலில் எல்லாரையும் சோதித்தவளை யார் சோதிப்பது? ஊருக்கெல்லாம் குறி சொல்லுமாம் பல்லி, காடிப் பானையில் விழுமாம் துள்ளி.

கிரெய்க்கிடம் போய்ச் சொன்னாள். அவன் கதவைச் சாத்தினான்.

"பேட்ஜ் கொடுத்தது மேலிடம். மாட்டிக்கிட்டு வந்தது நீ. இதைக் கிளறினா யார் தலை உருளும்? அவன்தான் போயாச்சே. விட்டுரு."

விட்டுவிட்டாள். வெளியே வந்தபோது மனசுக்கு நிம்மதியாக இருந்தது. அந்த நிம்மதியைத்தான் அவளால் மன்னிக்க முடியவில்லை. சில நாளில், அப்படிப் பட்டை வாங்கிய எல்லாருக்கும் காந்தத்துக்குப் பதில் ஊசி வைத்த புதுப் பட்டை வந்தது. ஏனென்று யாரும் கேட்கவில்லை.

குளிர்காலக் கடைசியில், கிறிஸ்தவர்கள் கறி தொடாத தவக்கால வெள்ளிக்கிழமை ஒன்றில், வேலை முடிந்த கையோடு மாதா கோயில் கூடத்துக்கு மீன் வறுவல் சாப்பிடப் போனாள். எதிர் நாற்காலியில் தட்டோடு வந்து உட்கார்ந்தான் டுவேன். இன்னும் வேலை கிடைக்கவில்லையாம். அவன் கண் அவள் சட்டையிலிருந்த பட்டைக்குப் போனது.

"ஓட்டை விழாத பேட்ஜுன்னு பீத்திக்கிட்டாங்க. இப்போ ஊசியா? அப்போ பழசுல இருந்தது காந்தம்."

அவள் ரொட்டியைப் பிய்த்துக்கொண்டிருந்தாள்.

"எப்போ தெரிஞ்சுது உனக்கு?"

"நீ போன மறு வாரம்."

வெளியே ஏரி உறைந்து கிடந்தது. டுவேன் கத்துவான் என்று எதிர்பார்த்தாள், கத்தியிருந்தால் தேவலாம். அவன் தன் தட்டு மீனை எடுத்து அவள் தட்டில் வைத்தான்.

"சாப்பிடு போலீஸு" என்று சொல்லிவிட்டு, கோட்டை எடுத்துக்கொண்டு போனான்.