ஆட்டுப்பட்டி டாட் இன்

பிரகதாம்பாள் அக்காவுக்குக் கோபம் வந்தால் குரல் ஏறாது, இறங்கும். அன்றைக்கு அது கிசுகிசுவென்று ஆகியிருந்தது.

"இந்தப் பேரத்தான் வைப்பேன்னா, நீ எனக்கு வெப்சைட்டே செய்ய வேணாம் தேவி. எந்திரிச்சுப் போயிடு."

நான் சொன்ன பெயரில் 'மறுமணம்' என்ற சொல் இருந்தது. அதில் என்ன குற்றம் என்று எனக்குப் புரியவில்லை. புதுக்கோட்டையில் நகைக்கடைக்கும் பள்ளிக்கூடத்துக்கும் வெப்சைட் செய்து கொடுத்துப் பிழைப்பவள் நான். டொமைன் பெயர் விஷயத்தில் யாரும் எனக்குப் பாடம் எடுக்க வேண்டியதில்லை என்ற திமிர் உண்டு. போனில் ஒருமுறை சொன்னால் கேட்கிறவர் தப்பில்லாமல் தட்ட வேண்டும். சின்னதாக இருக்க வேண்டும். என்ன தொழில் என்பதைப் பெயரே சொல்லிவிட வேண்டும். அக்கா செய்வது, கணவனை இழந்த பெண்களுக்கும் பிரிந்து வந்தவர்களுக்கும் மறுபடி வரன் பார்த்துக் கொடுக்கிற வேலை. அதற்கு மறுமணம் என்று பெயர் வைக்காமல் மளிகைக்கடை என்றா வைப்பார்கள்?

"மளிகைக்கடைன்னு வச்சாக்கூடத் தேவலாம்" என்றாள் அக்கா.

அவள் பிறந்து வளர்ந்ததெல்லாம் திருக்கோகர்ணம்தான். அதனால்தான் அந்த ஊர்க் கோயில் அம்மனின் பெயர். கல்யாணமான கொஞ்ச காலத்திலேயே கணவர் லாரி விபத்தில் போய்விட்டார். சத்துணவுக் கூடத்தில் வேலை பார்த்துக்கொண்டு இருந்தவளைக் கட்டிக்கொள்கிறேன் என்று பக்கத்துப் பள்ளி வாத்தியார் ஒருவர் கேட்டு வந்தார். அக்காவின் அண்ணன்கள் அவரை வாசலிலேயே மறித்து அடித்து அனுப்பினார்கள். அக்கா கதவுக்கு உள்ளே நின்று அதைக் கேட்டுக்கொண்டிருந்தாள். அந்த வாத்தியார் மறு மாதமே ஊர் மாறிப் போய்விட்டார். அதற்குப் பிறகு அவள் தனக்காக எதையும் கேட்கவில்லை. மற்றவர்களுக்குக் கேட்க ஆரம்பித்தாள்.

போர்டு கிடையாது. நோட்டீஸ் கிடையாது. ஜாக்கெட் தைக்கக் கொடுப்பதாகச் சொல்லிக்கொண்டு பெண்கள் அவள் வீட்டுப் படியேறுவார்கள். போன வருடம் மட்டும் யாரோ சொன்னார்கள் என்று விசிட்டிங் கார்டு அடித்தாள். அதில் ஒன்று ஒரு பெண்ணின் பர்ஸிலிருந்து அவளுடைய அண்ணன் கையில் கிடைத்துவிட்டது. அவன் அக்கா வீட்டுக்கே வந்து கத்தித் தெருவையே கூட்டிவிட்டுப் போனான். அந்தப் பெண்ணின் போனை உடைத்து, அவளைத் தூரத்து உறவுக்காரர் வீட்டில் கொண்டுபோய் விட்டார்கள். நிச்சயம் ஆகவிருந்த வரனும் கைவிட்டுப் போனது. மிச்சமிருந்த கார்டுகளை அக்கா அடுப்பில் போட்டாள்.

இப்போது சரண்யா. அன்னவாசல் பக்கத்துப் பெண். கணவன் வெளிநாட்டில் வேலை பார்த்த இடத்தில் கீழே விழுந்து இறந்துவிட்டான். மாமியார் மூக்காயி, கொழுந்தன் முத்துராஜ், தன் சின்ன மகள், இவர்களோடு இருக்கிறாள். முத்துராஜ் தினமும் வேலை முடிந்து வந்ததும் முதல் காரியமாகக் கையை நீட்டுவானாம். "போனைக் குடுங்க மதினி" என்பானாம். என்ன பார்த்தாள், யாரிடம் பேசினாள் எல்லாவற்றையும் தள்ளித் தள்ளிப் பார்ப்பானாம். கேட்கும்போதே எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"அந்தப் போன்லதான் நம்ம வெப்சைட்டோட பேரு கெடக்கப் போகுது. அவன் கண்ணு அதத் தாண்டிப் போகணும். அப்படி ஒரு பேரு சொல்லு" என்றாள் அக்கா.

வாழ்க்கையில் முதல் தடவையாக, யாரும் நின்று பார்க்காத ஒரு பெயரைத் தேடி உட்கார்ந்தேன்.

கோலம் என்றேன். "அவ புருசன் செத்ததுலேருந்து வாசல்ல கோலம் போட விடறதில்ல. இப்ப எதுக்குக் கோலம்பாங்க." பூ என்றேன். அக்கா தன் வெறும் கொண்டையைத் தொட்டுக் காட்டினாள். சேலை என்றேன். "யாருக்குக் காட்டன்னு கேப்பாங்க." வேலைவாய்ப்பு? "வெளிய போகப் பாக்குறா, கட்டிப் போடும்பாங்க." சமையலில் நல்ல பெயர் ஒன்றுகூட மிச்சமில்லை, எல்லாவற்றையும் யாராவது வாங்கி வைத்திருந்தார்கள். சாமி பாட்டு என்று வைக்கலாமே என்றதற்கு, சாமி பேரில் பொய் சொல்ல மாட்டேன் என்று எழுந்தே விட்டாள்.

எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. அக்கா மேல் இல்லை. ஒரு பெண் தன் போனில் எதைப் பார்த்தால் யாரும் எதுவும் கேட்க மாட்டார்கள் என்று யோசித்து யோசித்து, கடைசியில் கையில் ஒன்றுமே மிஞ்சாமல் போனதுதான் தாங்கவில்லை.

வாசலில் பக்கத்து வீட்டு வெள்ளாடு அக்காவின் முருங்கைக் கன்றைக் கடித்துக்கொண்டிருந்தது. அதை விரட்டப் போனவள் அப்படியே திரும்பிப் பார்த்தாள்.

"ஆடு" என்றாள். "ஆடு வளக்குறது எப்படின்னு பாத்தா எவனும் ஒண்ணும் கேக்க மாட்டான்."

ஆட்டுப்பட்டி டாட் இன். யாரும் எடுத்திருக்கவில்லை. உடனே பதிவு செய்தேன். முகப்பில் ஆட்டுப் படங்கள், தீவனம், கொட்டகை, இனங்கள் என்று ஒழுங்காகவே எழுதிப் போட்டேன். கீழே 'தடுப்பூசி விவரம்' என்று ஒரு பட்டன். அதைத் தொட்டுக் கடவுச்சொல் போட்டால்தான் வரன்களின் பக்கம் திறக்கும். போன் நம்பர் வேண்டவே வேண்டாம் என்றாள் அக்கா. நம்பர் இல்லாத வெப்சைட்டை எவனும் நம்ப மாட்டான் என்று நான் பிடிவாதமாக நின்று போட வைத்தேன்.

மாதம் முடிவதற்குள் சரண்யாவுக்கு ஒரு இடம் கூடி வந்தது. கீரமங்கலத்தில் நாற்றுப் பண்ணை வைத்திருக்கும் அருள்மணி. மனைவி இறந்து மூன்று வருடம். குழந்தையோடு வரட்டும் என்று அவரே எழுதியிருந்தார். வருகிற வெள்ளிக்கிழமை திருக்கோகர்ணம் கோயிலில் இருவரும் முதல்முறையாகப் பார்த்துக்கொள்வதாகப் பேச்சு. வீட்டில் என்ன சொல்லிவிட்டு வருவது என்பது மட்டும்தான் சரண்யாவுக்குப் பிடிபடவில்லை.

புதன்கிழமை நான் அக்கா வீட்டில் லேப்டாப்பும் கையுமாக இருந்தபோது அந்த நம்பருக்கு முதல் அழைப்பு வந்தது. அக்கா ஸ்பீக்கரில் போட்டாள்.

"ஆட்டுப்பட்டியா?" வயதான பெண் குரல்.

"ஆமாங்க, சொல்லுங்க."

"எம்பேரு மூக்காயி. அன்னவாசல் பக்கத்துலேருந்து பேசறேன்."

அக்கா சட்டென்று என்னைப் பார்த்தாள். சரண்யாவின் மாமியார்.

"குட்டி ஒண்ணு எர எடுக்க மாட்டேங்குது. என்ன செய்யலாம்?"

நான் வெப்சைட்டில் நோய்கள் பக்கத்தைத் திறந்து அக்காவின் முன்னால் நகர்த்தினேன். அவள் எழுத்துக் கூட்டுவதுபோல் படித்தாள். "வயிறு உப்பியிருக்கான்னு பாருங்க. கழிச்சல் இருக்கா? எதுக்கும் கால்நடை ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டுப் போயிடுங்க."

"எத்தன நாளா ஆட்டுப்பட்டி வச்சிருக்கீங்க?"

"கொஞ்ச நாளாத்தான்."

"அப்படியா." அந்தப் பக்கம் ஒரு கதவைச் சாத்துகிற சத்தம் கேட்டது. "எங்க வீட்டுல ஆடே கெடையாது ஆத்தா. எம்மவன் செத்த வருசமே பட்டியோட வித்தாச்சு. எம்மருமக எதுக்கு ஆடு பாக்குறா?"

எந்த வீட்டிலும் ஆடு இருக்கும் என்றே இருவரும் நினைத்துவிட்டோம். சரண்யாவிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. கட் பண்ணுங்க, கட் பண்ணுங்க என்று கையால் சைகை காட்டினேன். அக்கா என் கையைப் பிடித்துக் கீழே வைத்தாள். கதவுக்கு உள்ளே நின்ற அந்த நாள் அவளுக்கு நினைவு வந்ததோ என்னவோ.

"அம்மா, ஒங்ககிட்டப் பொய் சொல்ல எனக்கு வாய் வரல" என்றாள். "நானும் சின்ன வயசுல புருசனப் பறிகுடுத்தவதான். ஒங்க மருமகளுக்கு ஒரு எடம் பாத்திருக்கேன். வையுறதுன்னா என்னைய வையுங்க. அந்தப் புள்ளைய ஒண்ணும் செஞ்சுறாதீங்க."

போச்சு, எல்லாம் போச்சு என்று நினைத்தேன். மூக்காயி அழுகிறாளா, கத்தப் போகிறாளா, மகனைக் கூப்பிடப் போகிறாளா, ஒன்றும் தெரியவில்லை.

"குடிப்பானா?" என்றாள் மூக்காயி.

அக்காவுக்கு ஒரு நொடி விளங்கவில்லை. "இல்லங்கம்மா. அந்தப் பழக்கமே கெடையாது. நான் ஆள் விட்டு விசாரிச்சுட்டேன்."

"எம்பேத்திய?"

"கூட்டிட்டு வரணும்னு அவருதான் முதல்ல சொன்னாரு."

"கண்ணுல காட்டுவானா? நான் போய்ப் பாத்தா விடுவானா?"

"விடுவாருங்கம்மா. அதுக்கு நான் பொறுப்பு."

மூக்காயி மூக்கை உறிஞ்சிக்கொண்டாள். பிறகு குரலைத் தணித்துப் பேசினாள்.

"நேத்துச் சாயங்காலம் சின்னவன் போனப் பாத்துட்டு, நம்ம வீட்டுலதான் ஆடு இல்லையே, மதினி எதுக்கு ஆடு பாக்குதுன்னு கேட்டான். அவ மொகம் செத்துப்போச்சு. எனக்கு ஒண்ணுந் தெரியாது. ஆனா அவன் கைய ஓங்கிருவானோன்னு பயமா இருந்துச்சு. நாந்தான் ஆடு வாங்கணும், பாருன்னு சொன்னேன்னுட்டேன். அப்பறம்தான் அவளுக்குத் தெரியாம இந்த நம்பர எடுத்தேன்."

அக்கா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். கண் நிறைந்துவிட்டது. நானும் அழுதேன், அதில் என்ன வெட்கம்.

"எப்ப பாக்குறதா இருக்கு?" என்றாள் மூக்காயி.

"வெள்ளிக்கிழமைங்கம்மா. கோயில்ல."

"வெள்ளிக்கெழமதானே புதுக்கோட்டையில சந்தை? ஆடு புடிக்கப் போறோம்னு சொல்லி நானே கூட்டியாரேன். நீ அந்தத் தம்பிய வரச் சொல்லு. ஆனா ஆத்தா, திரும்பிப் போகயில என் கையில ஒரு குட்டி இருக்கணும். இல்லாட்டி சின்னவன் விட மாட்டான். எந்த எனம் நல்லதுன்னு ஒன் வெப்சைட்டுல பாத்துச் சொல்லு."