பொட்டு வைத்த பழத்தட்டு

"அம்மா, இத நம்ம சாப்பாட்டு மேசைக்கு மேல மாட்டுவோமா?" கண்டிக் கடையொன்றில் மகள் கேட்டபோது நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். எண்ணெய் வண்ண ஓவியம். வெள்ளித்தட்டில் திராட்சையும் ஆப்பிளும், பக்கத்தில் ரோஜாப் பூக்கள்.

அம்பிட்டியவில் நான் வளர்ந்த வீட்டிலும் இப்படியொன்று இருந்தது. அம்மா சமையல் வேலை பார்த்த பங்களாக்காரர்கள் வீட்டை விற்றுவிட்டுப் போகும்போது கொடுத்தது. அம்மா அதைச் சாமிப் படங்களுக்குக் கீழே மாட்டி, சட்டத்தில் சந்தனமும் குங்குமமும் வைத்தார்.

"தெனமும் ஆப்பிளும் திராட்சையும் வச்சுப் படைக்க நம்மளால ஏலுமா? இது வாடாது, அழுகாது. சாமிக்கு இருக்கட்டும்" என்பார். வெள்ளிக்கிழமைகளில் அந்தத் திராட்சைக் குலைமேல் சாம்பிராணிப் புகை படியும்.

ஒருநாள் பள்ளித்தோழி சுமதி வீட்டுக்கு வந்தாள். பார்த்ததும் சிரித்துவிட்டாள்.

"இது சாப்பாட்டு மேசைக்கு மேல மாட்டுற படம்டி. இதுக்குப் போய் யாராவது பொட்டு வைப்பாங்களா?"

நானும் சேர்ந்து சிரித்தேன். "எங்கம்மாவுக்கு ஒண்ணுமே தெரியாது" என்றேன். தேத்தண்ணிக் கோப்பையோடு அம்மா எனக்குப் பின்னால் நின்றிருந்தார்.

சுமதி போன பிறகு, அம்மா முந்தானையால் பொட்டைத் துடைத்தார். படத்தைக் கழற்றி இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு என்னிடம் கேட்டார்.

"அப்ப இத எங்க மாட்டணும், புள்ள?"

எங்கள் வீட்டில் சாப்பாட்டு மேசை கிடையாது. தரையில் உட்கார்ந்துதான் சாப்பிட்டோம்.

"சொல்லுங்கம்மா, எங்க மாட்டுவோம்?" கடையில் மகள் மறுபடியும் கேட்டாள்.

எனக்குத்தான் இன்றுவரை ஒன்றுமே தெரியவில்லை.