கோழி ஆலை வெர்னாவின் வழக்கு

என் மகள் வெர்னா கோழி இறைச்சி ஆலையில் பகல் ஷிப்டில் வேலை பார்க்கிறவள். யாருக்கும் தலை குனிந்து பழக்கமில்லாதவள். என்னைப் போல என்பார்கள், சொல்லட்டும். அவள் மகன் கோல்டனுக்கு வலிப்பு வரும், பேச்சு வராது. வகுப்பில் அவன் பக்கத்திலேயே உட்கார ஒரு துணையாள் உண்டு. அவளை நிறுத்திவிட்டு, பையனை மலைக்கு அந்தப் பக்கம் இப்படிப்பட்ட பிள்ளைகளுக்கான தனிக் கட்டடத்துக்கு அனுப்பப் பள்ளி முடிவு செய்தது. வெர்னா மாநிலக் கல்வித் துறையில் புகார் கொடுத்தாள். புகார் விசாரணை முடிகிற வரை பிள்ளையை இருந்த இடத்திலிருந்து அசைக்கக் கூடாது என்பது எங்கள் கென்டக்கி மாநிலத்திலும் சட்டம். அதனால் பள்ளிக்காரர்கள் புகாரையே ஒழிக்கப் பார்த்தார்கள்.

விசாரணைக்கு முன் பள்ளி தாயோடு ஒரு சமரசக் கூட்டம் வைக்க வேண்டும். புதன் காலை பத்து மணி என்றார் தலைமையாசிரியை மிஸ் டாக்கெட். சர்ச் விருந்தில் வெர்னா அவரிடம் போய்க் கேட்டாள்.

"அந்த நேரம் எனக்கு வேலை, மிஸ் டாக்கெட். சாயங்காலம் வைங்க. இல்லேன்னா போன்ல பேசறேன்."

"உன் வசதிக்கு ஸ்கூல் நடத்த முடியாது வெர்னா."

பரிமாறிக்கொண்டிருந்த நான் அவர் தட்டில் மட்டும் சோள ரொட்டி வைக்கவில்லை.

அடுத்த தேதியும் புதன் பத்து மணிதான். பிறகு விசாரணை அதிகாரிக்குப் பள்ளி போட்ட மனுவின் நகல் வந்தது: தாய் கூட்டத்துக்கு வரவில்லை, புகாரைத் தள்ளுபடி செய்யுங்கள். வெர்னா வாசித்துக் காட்டினாள்.

"நான் ஒளிஞ்சிக்கிட்டேனாம், அம்மா."

"பதில் எழுது. திட்டாம எழுது. திட்டறத நான் பாத்துக்கறேன்."

வேறு நேரம் கேட்டதை எழுதி அனுப்பினாள். அப்படி யாரும் கேட்கவேயில்லை என்று பள்ளி வக்கீல் திருப்பி எழுதினார். விருந்தில் பக்கத்தில் நின்றவர்கள் யாருக்கும் எதுவும் ஞாபகமில்லையாம்.

விசாரணை அதிகாரி எல்லோரையும் போனில் கூட்டினார். ஆலை வாசலில் காருக்குள் இருந்து நாங்கள் கேட்டோம்.

"ரெண்டு தடவையும் ஏன் அதே நேரம் வெச்சீங்க?" என்றார் அதிகாரி.

வக்கீல் வாயைத் திறக்குமுன் மிஸ் டாக்கெட் முந்திக்கொண்டார். "அவ அப்போ கோழி அறுத்துக்கிட்டிருப்பான்னு ஊருக்கே தெரியும். பெத்த பிள்ளைமேல அக்கறை இருந்தா லீவு போட்டுட்டு வரட்டுமே."

வக்கீல் இருமினார்.

"அப்போ வர முடியாத நேரம்னு தெரிஞ்சேதான் வெச்சிருக்கீங்க," என்றார் அதிகாரி. மனுவை நிராகரித்தார்.

மறுநாள் வேலைக்குப் போகிற வழியில், ரப்பர் பூட்ஸோடு, வெர்னா கோல்டனைப் பள்ளியில் விட்டாள். துணையாள் வந்து அவன் கையைப் பிடித்துக்கொண்டாள். மிஸ் டாக்கெட் வாசலை மறித்தாற்போல நின்றார்.

"விசாரணை இன்னும் இருக்கு வெர்னா. அங்கே வக்கீல் உன்ன உரிச்சிடுவார்."

"உரிக்கட்டும், மிஸ் டாக்கெட். அதுவரைக்கும் அவன் இங்கதான் படிப்பான். கொஞ்சம் நகருங்க, வகுப்புக்கு நேரமாச்சு."