டீசல் இறங்கிய மண்

லிங்கராஜபுரத்தில் எங்கள் குடியிருப்பின் ஜெனரேட்டரிலிருந்து கசிந்த டீசல், பக்கத்து வீட்டுக் கொல்லையில் இறங்கிவிட்டது. நாற்றம் தாங்காமல் அங்கே சிமெண்ட் போட முடிவு செய்தோம். வீட்டுக்காரர் சம்மதித்துவிட்டார். வாடகைக்கு இருந்த அம்மாளிடம் சொல்ல நான் போனேன்.

நரைத்த கிராப்பு, நைட்டியின் மேல் துண்டு, காலில் ரப்பர் பூட்ஸ். அவர் மண்வெட்டியால் அந்த மண்ணைப் புரட்டி, ஒரு பிடி அள்ளி முகர்ந்து பார்த்தார். தினமும் காலையில் அவருக்கு இதே வேலை. சிமெண்ட் போடப் போவதைச் சொன்னேன்.

"பெட்ரோல்னா பாதி ஆவியாவே போயிருக்கும் சார். டீசல் போகாது. மண்ணுல இருக்கற கிருமிங்கதான் கொஞ்சம் கொஞ்சமா தின்னு தீர்க்கணும். அதுங்களுக்குக் காத்து வேணும். மூடிட்டா அப்படியே கெடக்கும்."

"அதுக்கு வருஷக்கணக்குல ஆகுமே மேடம்?"

"ஆகட்டும். கொட்டுனதும் நீங்க, மூடறதும் நீங்களா? சாத்யவே இல்ல, போங்க!" முடியவே முடியாது என்பதைக் கன்னடத்தில் சொல்லி அனுப்பிவிட்டார்.

மறுநாள் சிமெண்டோடு ஆட்கள் வந்தபோது, கொல்லை நடுவே நாற்காலி போட்டு உட்கார்ந்துவிட்டார். வீட்டுக்காரர் கத்தியும் எழுந்திருக்கவில்லை. ஆட்கள் திரும்பிப் போனார்கள்.

சில மாதங்களில் வீட்டுக்காரர் அவரைக் காலி செய்யச் சொல்லிவிட்டார். சாமான்களை டெம்போவில் ஏற்றிய பிறகும், டிரைவர் ஹாரன் அடிக்க அடிக்க, அவர் கொல்லையில் நின்று மண்ணைப் புரட்டிக்கொண்டிருந்தார். சொந்தமில்லாத மண்ணுக்கு ஏன் இத்தனை பாடு என்று கேட்க வாயெடுத்தேன். அவர் நிமிர்ந்து என்னைப் பார்த்ததும், கொட்டியது நாங்கள்தான் என்பது உறைத்தது; திரும்பி நடந்தேன்.