யார் படம் யார் பக்கத்தில்

தை பிறந்தால் சுமித்ரா பெங்களூர் போக வேண்டும். அண்ணன் சிரஞ்சீவி அங்கே பார்சல் கம்பெனியில் சூப்பர்வைசர். அதே கட்டடத்தில் தங்கைக்கு ரிசப்ஷன் வேலை பேசி வைத்திருந்தான். பொங்கலுக்குள் டிசைன் வேலை ஆன்லைனில் நிலையாக வர ஆரம்பித்தால் போக வேண்டாம் என்று வீட்டில் பேச்சு. கார்த்திகை முடியும்வரை ஒன்றும் வரவில்லை.

புத்தூரில் ஃப்ளெக்ஸ் கடையில் ஆறு வருஷம் பேனர் டிசைன் செய்தவள். அதை விட்டுவிட்டு, திருப்பதியில் எங்கள் ஜெராக்ஸ் கடைக்கு மேல் மாடியில் ஓர் அறை எடுத்தாள். சொந்தமாக வெப்சைட் போட்டாள். நான் பார்த்திருக்கிறேன். அழகாக இருந்தது, ஆள் குடிவராத வீடு மாதிரி. ஒரு காபி ஷாப், ஒரு சென்ட் பாட்டில், ஒரு யோகா நிலையம், மூன்றுக்கும் லோகோ. அந்த மூன்றும் உலகத்தில் எங்கேயும் இல்லை. அவளே பெயர் வைத்து அவளே வரைந்தவை. முழுக்க ஆங்கிலம். கீழே ஊர் பெங்களூர் என்று இருந்தது.

"திருப்பதின்னே போடலாமே?" என்று ஒருநாள் கேட்டுவிட்டேன்.

"போட்டா மொட்டை எவ்ளோன்னு கேப்பாங்க."

பேனர் வேலையைப் பற்றி ஒரு வரி இல்லை. காதுகுத்துக்கும் மஞ்சள் நீராட்டுக்கும் அடித்ததைக் காட்டினால் யார் மதிப்பார்கள் என்று நினைத்தாள். தினம் காலையில் ஆன்லைனில் ஒரு டிசைன் போடுவாள். லைக் வரும். போட்டவர்கள் எல்லாரும் அவளைப் போலவே வேலை தேடும் டிசைனர்கள்.

கார்த்திகை நடுவில் கார்வேட்டிநகரத்திலிருந்து சித்தி அம்சவேணி கூப்பிட்டாள். மகன் யஸ்வந்துக்கு மாதக் கடைசி முகூர்த்தத்தில் காதுகுத்து. "சுமி, பேனரு நீதான் போடணும். மூத்தவளுக்குச் செஞ்சப்போ கடைக்காரன் ஒரு மாமன் படத்த வுட்டுட்டான். மூணு வருஷம் பேச்சே இல்ல."

சித்தியிடம் முடியாது என்று சொல்ல முடியுமா? எப்போதும் கேட்கும் கேள்விகளை வாட்ஸப்பில் அனுப்பினாள். தாய்மாமன் எத்தனை பேர், மூத்தவர் யார்? யாரோடு யார் பேசுவதில்லை? யார் படம் யார் பக்கத்தில் வரக்கூடாது? எந்த வீட்டாருக்குத் தமிழ் எழுத்து, எந்த வீட்டாருக்குத் தெலுங்கு? பதில் வரும்வரை மவுஸைத் தொடமாட்டாள். மொத்தம் நாற்பத்திரண்டு முகங்கள். காதுகுத்தன்று ஒருவர்கூடப் பந்தியிலிருந்து எழுந்து போகவில்லை.

இரண்டு நாள் கழித்து, மார்கழி பிறந்த அன்று, எங்கள் கடையில் பிரின்ட்டுக்கு நின்றிருந்தபோது அவளுக்கு போன் வந்தது. ஸ்பீக்கரில் போட்டாள்.

"சந்திரன் பேசறேன், புத்தூர்ல பொடி மில்லு. காதுகுத்துக்கு வந்திருந்தேன். பேனரு நீதானாம்மா? அத்தினி பேர வெச்சிம் ஒரு சண்டை இல்லியே, எப்டி?"

"முன்னாடியே கேட்டுக்குவேங்க."

"அதான் எனக்கு வேணும். பருப்புப்பொடி பாக்கெட்டு. நகரி பக்கம் தெலுங்கு படிக்கிறாங்க, திருத்தணி பக்கம் தமிழு. மெட்ராஸ்ல ஒருத்தன் ஒண்ணுமே கேக்காம அஞ்சு டிசைன் அனுப்பிக்கினு கீறான்."

சுமித்ரா வெப்சைட் லிங்கை அனுப்பினாள். அதைத் திறந்ததும் அவர் சிரித்தார்.

"இத நான் போன மாசமே பாத்தேனே! பெங்களூரு ஆளு, காபிக்கடைக்குத்தான் செய்வாங்க போலன்னு வுட்டுட்டேன்."

அவள் காகிதக் கட்டின் மேல் உட்கார்ந்துவிட்டாள். ஆறு மாதமாகத் தேடிய ஆள் வாசல்வரை வந்து, வீடு மாறி வந்துவிட்டோம் என்று திரும்பிப் போயிருக்கிறார்.

அன்று சாயங்காலமே வெப்சைட்டிலிருந்து காபி ஷாப்பை எடுத்தாள். சித்தியிடம் கேட்டுக்கொண்டு யஸ்வந்தின் பேனரைப் போட்டாள். அதன் கீழே அந்தக் கேள்விகள், தமிழிலும் தெலுங்கிலும். ஊர் திருப்பதி. சந்திரனிடமும் முதலில் கேள்விதான்: "பாக்கெட்ட கையில எடுக்கறவங்க படிச்சிப் பாத்து எடுப்பாங்களா, நெறத்தப் பாத்தா?"

"பாதிப் பேரு நெறந்தாம்மா."

பாக்கெட் அச்சாகி வந்ததும் படத்தை மட்டும் போடவில்லை. என்ன கேட்டாள், என்ன சொன்னார், அதனால் எதை மாற்றினாள் என்று நாலு வரி எழுதினாள். இந்தத் தடவை லைக் குறைவு. ஆனால் சூளூர்பேட்டையிலிருந்து ஒரு கிளினிக் இரண்டு மொழியில் போர்டு வேண்டும் என்றது. நகரியிலிருந்து போய்ச் சென்னையில் ஓட்டல் வைத்த ஒருவர் மெனு கார்டு கேட்டார். சந்திரன், இனி மாதாமாதம் ஒரு புதுப் பொடி, எல்லா பாக்கெட்டும் நீதான் என்றார்.

போகியன்று சிரஞ்சீவி அவளை அழைத்துப் போகப் பெரிய பையோடு வந்தான். போனில் வெப்சைட்டை மேலும் கீழும் தள்ளிப் பார்த்தான்.

"காதுகுத்துப் பேனர ஊருக்கெல்லாம் காட்டிக்கினு கீற. அதுல என் மூஞ்சி ஏன் ஓரமா கீது?"

"விசேஷத்துக்கும் வரல, போட்டோவும் அனுப்பல. ஆதார் கார்டுல இருந்து எடுத்துப் போட்டேன்."

அவன் வாய்விட்டுச் சிரித்தான். மாடிப்படியில் நின்றபடியே அவளுக்கு எடுத்திருந்த பஸ் டிக்கெட்டை ரத்து செய்தான்.

"அடுத்த பேனர்ல என்ன நடுவுல வெக்கணும்."

"நேர்ல வந்து நில்லுணா, வெக்கிறேன்."